வீட்டு வளவுல (காம்பவுண்டுக்குள்ள) நிக்கிற மரத்தை எடுக்கணுமா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

பாளையங்கோட்டை பக்கம் எங்க மாமாகூட மரம் எடுக்கப் போக ஆரம்பிச்சு பதினாலு வருசம் ஆச்சு. மொத ரெண்டு வருசம் கயிறு பிடிக்கிறதும் கொப்பு பொறுக்குறதும்தான் வேலை, பொறவுதான் மிஷின் வாளு கைக்கு வந்துச்சு. போன்ல ஆளாளுக்கு ஒரே கேள்வியத்தான் கேக்குதாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிப் போட்டுருதேன். பாதி படிச்சிட்டு கோடாலியத் தூக்கிட்டுப் போயிராதீங்க.

வேப்பமரம் திடீர்னு கருகிப் போச்சு. பட்டுப்போச்சுன்னு வெட்டிரலாமா?

பொறுங்க அண்ணாச்சி. ஆவணி புரட்டாசில ஆரம்பிச்சு மார்கழி வரைக்கும் வேம்புல நுனிக்கொப்பெல்லாம் தீ பட்ட மாதிரி காஞ்சு தொங்கும், கொஞ்ச வருசமா இது நம்ம பக்கம் ரொம்பவே இருக்கு. அது ஒரு பூஞ்சை நோய், கூடவே தேயிலைக் கொசுன்னு ஒரு பூச்சியும் சேர்ந்துக்கிடுது. நாங்க பாத்த வரைக்கும் பெரும்பாலான மரம் மாசி பங்குனில திரும்பத் தளிர்த்துருது. கைக்கு எட்டுற கொப்புல பட்டைய நகத்தால சுரண்டிப் பாருங்க, உள்ள பச்சை தெரிஞ்சா உசுரு இருக்கு. ஒரு பங்குனி வரைக்கும் விட்டுப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க, நாப்பது வருச நெழல ஒரு காலைல வெட்டிரலாம், திரும்ப வளக்க முடியாது.

அப்போ எதுக்குத்தான் வெட்டணும்?

மரத்து மூட்டுல, அதான் தரையோட சேர்ற அடியில, காளான் பூத்திருக்கு, அடிமரத்தைத் தட்டுனா டொக்கு டொக்குன்னு பொந்து சத்தம் வருது, கவட்டைல வெடிப்பு விழுந்து மழைத்தண்ணி எறங்குது, இந்த மாதிரினா யோசிக்கணும். இதையெல்லாம் விட மோசமானது மரம் புதுசா சாஞ்சிருக்கிறது. சின்னதுல இருந்தே சாஞ்சு வளந்த மரம் வேற, அது அப்படியே அம்பது வருசம் நிக்கும். நேத்து வரைக்கும் நேரா நின்னது இன்னைக்கு சாஞ்சு, எதிர்ப்பக்கம் மூட்டைச் சுத்தி மண்ணு வெடிச்சு எழும்பியிருந்தா வேரு விட்டுட்டுன்னு அர்த்தம். அன்னைக்கே ஆளைக் கூப்பிடுங்க, அந்தப் பக்கம் பிள்ளைகள விடாதீங்க, கீழ நிக்கிற பைக்கையும் எடுத்துருங்க.

இலை விழுது, கூட்ட முடியலன்னு வெட்டச் சொல்லுதவங்களும் உண்டு. அவங்க வீட்டுக்கு நான் போறதில்ல, மாமா போவாரு.

சொந்த எடத்து மரம்தானே, யாருகிட்ட கேக்கணும்?

பனைனா கேக்கணும். 2021 வேளாண் பட்ஜெட்லயே பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு அறிவிச்சாச்சு, உங்க வளவுல நின்னாலும் சரி. சந்தனம், ஈட்டி, தேக்குனா வாளைத் தொடுறதுக்கு முன்னாடியே வனத்துறை ஆபீஸ்ல போய்க் கேட்டுக்கோங்க, வெட்டுன பொறவு போனா கதை வேற மாதிரி ஆயிரும். மத்த மரத்துக்கும் விஏஓகிட்ட ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்கிட்டா நல்லது. தெருவுல, வாய்க்கா கரைல, புறம்போக்குல நிக்கிறது உங்க வாசலுக்கு நேரா இருந்தாலும் உங்க மரம் இல்ல, அதுக்கு மாவட்ட பசுமைக் குழுன்னு ஒண்ணு இருக்கு, அது வழியாத்தான் போகணும். பக்கத்து வீட்டு மரம்னா சட்டம் பேசுறதுக்கு முன்னாடி ஒரு காப்பி குடிச்சிட்டுப் பேசுங்க.

கரண்டு கம்பி மேல கொப்பு கெடக்கு. மரக்கட்டைல கரண்டு பாயாதுல்லா?

பச்சை மரத்துல பாயும். ஈரக் கயித்துலயும் பாயும். அலுமினிய தொரட்டிக் கம்பு வச்சு மாங்கா பறிக்கப் போயி கம்பில பட்டு எத்தனை பேரு செத்திருக்காங்க, வருசா வருசம் பேப்பர்ல வருதுல்லா. மரத்துல எந்தக் கொப்பாவது கம்பிகிட்ட இருந்தா, இல்ல விழுற பாதைல கம்பி இருந்தா, மொதல்ல ஈபி ஆபீஸ்ல சொல்லி லைனை ஆஃப் பண்ண வைங்க. மின்னகம் நம்பர் 94987 94987, இல்லனா உங்க ஏரியா லைன்மேன்கிட்ட நேராவே சொல்லுங்க. வீட்டு மெயினை எறக்கிட்டா போதும்னு நெனைக்காதீங்க, தெருக்கம்பில கரண்டு அப்படியேதான் இருக்கும். வீட்டுக்கு வர்ற சர்வீஸ் வயரையும் கண்ணுல வச்சுக்கோங்க, அவசரத்துல எல்லாரும் மறக்கிறது அதத்தான்.

எந்த மாசம் வெட்டுனா நல்லது?

மாசி, பங்குனி. மழை கிடையாது, காத்தும் அடங்கியிருக்கும். ஆனி ஆடில தயவு செஞ்சு வேண்டாம், அதுவும் பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கம்னா கேக்கவே வேண்டாம், கரண்டு எடுக்குற காத்தாடிய சும்மாவா அங்கன நட்டு வச்சிருக்கான். ஒரு பக்கம் சாயணும்னு கணக்குப் போட்டு அறுத்துக்கிட்டு இருக்கும்போது ஒரு வீச்சு வந்தா உச்சியில இருக்க தழை அம்புட்டும் பாய்மரம் மாதிரி பிடிச்சுக்கிடும். ஐப்பசி கார்த்திகைல கொப்பு வழுக்கும். எந்த மாசமா இருந்தாலும் விடியக்காலம் ஆறரைக்கு ஆரம்பிச்சு காத்து எழும்புறதுக்குள்ள ஏறி எறங்கிரணும்.

தேய்பிறைல வெட்டுனா கட்டை உளுத்துப் போகாதும்பாங்க பெரியவங்க. அத நான் சோதிச்சுப் பாத்ததில்ல, ஆனா தச்சாசாரி யாரும் வளர்பிறைக் கட்டைய வாங்க மாட்டேங்காங்க, அதனால நாங்களும் தேய்பிறையே பாக்குறோம்.

மரத்தை எந்தப் பக்கம் சாய்க்கிறது?

இதுக்குத்தான் இம்புட்டையும் எழுதுதேன். வீட்டு வளவுல மரத்தை சாய்க்கக் கூடாது, எறக்கணும். தோப்புல சாய்க்கலாம், வயக்காட்டுல சாய்க்கலாம். வளவுல ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் காம்பவுண்டு, ஒரு பக்கம் பக்கத்து வீட்டு தகரம், இன்னொரு பக்கம் செப்டிக் டேங்கு. சாய எடம் எங்க இருக்கு? உச்சியில இருந்து கொப்பு கொப்பாக் கழிச்சு, ஒவ்வொண்ணையும் கயித்துல கட்டிப் பைய எறக்கி, கடைசில மொட்டையா நிக்கிற அடிமரத்தைத் துண்டு துண்டா அறுத்து எடுக்கணும். ரெண்டு மணி நேர வேலை ஒரு நாளாயிரும், கூலியும் கூடத்தான், ஆனா ஓடு உடைஞ்சா யாரு குடுப்பா?

கொப்பு கழிக்கிறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. மேல இருந்து மட்டும் அறுத்தா பாதி அறுக்கும்போதே கனத்துல கொப்பு ஒடிஞ்சு பட்டைய நாரா கிழிச்சிக்கிட்டு வரும். அதனால அடிமரத்துல இருந்து ஒரு அடி தள்ளி மொதல்ல அடியில கொஞ்சம் அறுக்கணும், பொறவு அதுக்கு இன்னும் ரெண்டு மூணு இஞ்சு வெளிய தள்ளி மேல இருந்து அறுக்கணும், கொப்பு சுத்தமா ஒடிஞ்சிரும், மிச்சம் நிக்கிற குச்சிய அப்புறம் அறுத்துக்கிடலாம். மிஷின் கைக்கு வந்த புதுசுல எனக்கு இது தெரியும், ஆனா அவசரம். மேல இருந்தே ஒரே அறுப்பா போட்டேன், கொப்பு பட்டையோட தொங்கி அப்படியே தொட்டில் மாதிரி வீசிட்டுப் போயி பக்கத்து வீட்டு தட்டட்டில, அதான் மொட்டைமாடில, இருந்த தண்ணி டேங்கை ஒரே இடி. ஆயிரம் லிட்டர் தண்ணியும் அவங்க அடுப்படி வழியா எறங்கிச்சு. அந்த வீட்டு ஆச்சி இன்னைக்கும் என்னைப் பாத்தா "ஏலே டேங்கு ஒடச்ச பயலே"ன்னுதான் கூப்பிடுவா.

எங்க வளவு பெருசு, மூணு பக்கமும் காலி எடம். அப்பவும் சாய்க்கக் கூடாதா?

அப்போ சாய்க்கலாம், மொதல்ல உயரம் பாருங்க. நாலடிக் குச்சிய வெயில்ல நேரா நட்டு அதோட நெழல அளங்க, மூணடி இருக்குன்னு வைங்க, அதே நேரத்துல மரத்தோட நெழலு முப்பதடி இருந்தா மரம் நாப்பதடி. விழுற பக்கம் அம்பது அடியாவது காலியா இருக்கணும், மரத்தைச் சுத்தி எண்பது அடிக்குள்ள வேலை செய்றவங்களைத் தவிர ஆள் நிக்கக் கூடாது. வேடிக்கை பாக்க வர்ற தெருவையே கேட்டுக்கு வெளிய நிறுத்துங்க.

சாய வேண்டிய பக்கம் அடிமரத்துல ஒரு வாய், அதான் ஆப்பு வடிவத்துல ஒரு வெட்டு, போடணும், மரத்தோட விட்டத்துல கால்வாசி ஆழம். ஒண்ணரையடி விட்டம்னா நாலு நாலரை இஞ்சு. பொறவு எதிர்ப்பக்கம், வாயோட மூலைய விட ஒண்ணு ரெண்டு இஞ்சு மேல இருந்து அறுத்துட்டு வரணும். முழுசா அறுத்துரக் கூடாது, நடுவுல ரெண்டு இஞ்சு தடிமனுக்கு கட்டைய விட்டு வைக்கணும், அதுதான் கதவுக்கு கீல் மாதிரி மரத்தை நீங்க சொன்ன பக்கம் கொண்டு போகும். அதையும் சேத்து அறுத்தவன் மரத்துக்கிட்ட "நீ எங்கயும் போ"ன்னு சொன்ன மாதிரிதான். பின்பக்கம் ஆப்பு அடிச்சுக்கிட்டா வாளு மாட்டாது. மரம் அசைய ஆரம்பிச்சதும் மிஷினை விட்டுட்டு பின்னால சாய்வா ஒதுங்கணும், நேர் பின்னால ஓடாதீங்க, அடிமரம் சில நேரம் பின்னால ஒதைக்கும். ஒதுங்குற வழிய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கல்லு கட்டை இல்லாம பெருக்கி வைங்க.

கயிறு பிடிக்கிறவங்களுக்கு: மரத்து உயரத்தை விட ஒண்ணரை மடங்கு நீளமாவது வேணும், இல்லனா மரம் உங்க மேலதான் வரும். கையில சுத்திப் பிடிக்காதீங்க. பைக்குல கட்டி இழுக்குறது கோட்டித்தனம்.

மிஷின் வாளு வாடகைக்கு கெடைக்குது, யூடியூப் பாத்து நாமளே பண்ணிரலாமா?

கீழ விழுந்து கெடக்குற கட்டைய விறகுக்கு அறுக்கவா? பழகிக்கோங்க, தப்பில்ல. நிக்கிற மரத்துக்கு வேண்டாம். சங்கிலி வாளோட நுனியில மேல்பாதி எதுலயாவது பட்டுச்சுன்னா கண் இமைக்கிறதுக்குள்ள வாளு மூஞ்சிக்கு எழும்பும், அதுக்குத்தான் முன்னால ஒரு பிரேக்கு இருக்கு, அது வேலை செய்யலனா அந்த மிஷினையே வாங்காதீங்க. தோளுக்கு மேல தூக்கி அறுக்கக் கூடாது, ஏணில நின்னு அறுக்கவே கூடாது. சாரம் (கைலி) கட்டிக்கிட்டு, கழுத்துல துண்டு போட்டுக்கிட்டு, ரப்பர் செருப்போட அறுக்குற ஆளுங்கள நானும் தெனம் பாக்குறேன், எங்க மாமாவே அப்படித்தான் இருந்தாரு, இடது முட்டிக்கு மேல பதினோரு தையல் போட்ட பொறவுதான் பேண்டும் பூட்சும் வாங்குனாரு. ஹெல்மெட், கண்ணாடி, காதுக்கு அடைப்பு, இதெல்லாம் பகட்டு இல்ல. சூடா இருக்க மிஷின்ல பெட்ரோல் ஊத்தாதீங்க.

வெட்டு பட்டுட்டா காப்பித்தூளு, மஞ்சத்தூளு எதையும் அப்பாதீங்க. சுத்தமான துணிய வச்சு அழுத்திப் பிடிச்சபடியே 108க்கு அடிங்க, நம்ம பக்கம்னா ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிதான்.

முருங்கை சின்ன மரம்தானே, ஏறி வெட்டிரலாம்ல?

வேதாளத்துக்கு மட்டும்தான் அது சரிப்படும். காலு வச்ச கொப்பு மளுக்குன்னு ஒடியும், சத்தம் கூட முன்னாடி வராது. கீழ நின்னே தொரட்டி வச்சு கழிங்க, மூட்டுல இருந்து மூணடி விட்டு அறுத்தா திரும்பத் துளிர்க்கும், முழுசா எடுக்கவே தேவையில்ல.

வீட்டோட ஒட்டி நிக்கிற தென்னையை எப்படி எடுக்கிறது?

தென்னை ஏறுற ஆளு ஏறி, மொதல்ல காஞ்ச மட்டை, பொறவு காய், குலை, பச்சை மட்டை, கடைசில தலை. அப்புறம் மூணு மூணடித் துண்டா மேல இருந்து எறக்கிட்டே வரணும். ஒரடி விட்டத்துல மூணடித் துண்டு பச்சையில அம்பது அறுபது கிலோ வரும், அதை அப்படியே கீழ போட்டா தளக்கல்லு தூளாயிரும், செப்டிக் டேங்கு மூடி மேல விழுந்தா உள்ளேயே போயிரும். பழைய டயரு நாலஞ்சு கீழ போட்டு வைங்க, இல்லனா கயித்துல எறக்குங்க.

தலை போன தென்னை, இடி விழுந்த தென்னைனா யாரையும் ஏத்தாதீங்க. வெளிய கல்லு மாதிரி இருக்கும், உள்ள சோறு மாதிரி இருக்கும். கிரேன் வச்சுத்தான் எடுக்கணும், செலவு பாக்காதீங்க.

மழைல விழுந்து கெடக்குற மரத்தை அறுக்குறது சுலபம்தானே?

நிக்கிற மரத்தை விட இதுதான் ஆபத்து. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 செண்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, தாமிரபரணி ஊருக்குள்ள வந்துச்சே, அந்த வாரம் பூரா எங்களுக்கு இதே வேலைதான். வேரோட புடுங்கி சாஞ்சிருக்க மரத்தோட மூடு ஒரு சுவரு மாதிரி எழும்பி நிக்கும், பின்னால குழி. அடிமரத்தை அறுத்து விட்டதும் கனம் கொறைஞ்சு அந்த மூடு சடார்னு பழையபடி குழிக்குள்ள உக்காரும். பிள்ளைக அந்தக் குழிக்குள்ள எறங்கி வெளையாடிக்கிட்டு இருக்கும், நாங்க அறுக்கப் போற எடத்துல மொதல்ல போயிப் பாக்கிறதே அந்தக் குழியத்தான்.

வில்லு மாதிரி வளைஞ்சு கெடக்குற கொப்பையும் நம்பாதீங்க. உள்வளைவுல கொஞ்சம் அறுத்துட்டு பொறவு வெளிவளைவைத் தொடணும், வெளிப்பக்கமே மொதல்ல ஒரே அறுப்பா அறுத்தா தெறிச்சு அடிக்கும். இன்னொரு மரத்துல சாஞ்சு மாட்டிக்கிட்டு நிக்கிற மரத்துக்கு அடியில போகவே போகாதீங்க.

கடந்தைக் குளவிக் கூடு, பாம்பு எல்லாம் இருக்குமா?

இருக்கும்னே வச்சுக்கோங்க. மொத நாளே பொந்து, கவட்டை, மூடு எல்லாத்தையும் பாருங்க. கடந்தையோ மலைத்தேனியோ கூடு கட்டியிருந்தா தீப்பந்தம் பிடிக்கிற வீரமெல்லாம் வேண்டாம், தீயணைப்பு நிலையத்துல சொன்னா வருவாங்க. மூட்டுப் பொந்துல கைய விடாதீங்க, கம்பால தட்டிட்டு தள்ளி நில்லுங்க. குருவிக்கூடு, அணில் குஞ்சு இருந்தா ஒரு மாசம் தள்ளிப் போட்டா என்ன கொறஞ்சிரும்?

மரத்தை எடுத்தாச்சு, தூரை என்ன பண்றது?

இதை மரம் வெட்டுறதுக்கு முன்னாடியே கேக்கணும். ஜேசிபி வச்சு தூரைப் புடுங்கப் போறீங்கனா அடிமரத்தை நாலடி உயரத்துக்கு விட்டு வைங்க, பக்கெட்டு தள்ளுறதுக்கு அதுதான் பிடி. தரையோட வழிச்சு அறுத்துட்டு பொறவு ஜேசிபியக் கூப்பிட்டா மூணு மடங்கு நேரம் குழி தோண்டுவான், மீட்டர் ஓடும். ஜேசிபி வர்றதுக்கு முன்னாடி தண்ணி பைப்பு, டிரைனேஜ், போர் வயரு எங்கன போகுதுன்னு சுண்ணாம்புல கோடு போட்டு வைங்க.

சுவத்துக்கு ஒட்டுன தூருனா ஜேசிபி வேண்டாம், வேரை இழுத்தா அஸ்திவாரமும் சேந்து அசையும். மம்முட்டியும் கடப்பாரையும் வச்சு சுத்தித் தோண்டி, பக்க வேரை ஒவ்வொண்ணா கோடாலியால அறுத்து எடுக்கணும். மண்ணு ஒட்டுன வேர்ல மிஷினை வைக்காதீங்க, ஒரு நிமிசத்துல சங்கிலி மொட்டையாயிரும். தென்னைக்கு ஆணிவேர் கெடையாது, வெரல் கனத்துல ஆயிரக்கணக்கான வேருதான், சுத்தி ரெண்டடி தோண்டுனா தூரு கழண்டுரும். பக்கத்துல வேற தென்னை நின்னா அந்தத் தூரை அழுக விடாதீங்க, காண்டாமிருக வண்டு அதுலதான் முட்டை போடும்.

ஆசிட், பழைய ஆயில், பெருங்காயம் வச்சா பட்டுப் போகுமாமே?

பெருங்காயத்தை சாம்பாருக்கு வைங்க. ஆசிட்டும் ஆயிலும் கெணத்துக்குத்தான் போகும். நெருப்பு வச்சா வேரு மண்ணுக்குள்ளேயே நாள் கணக்குல கங்கா கெடந்து எங்கயோ போயி பொகையும். அவசரம் இல்லனா தூருல ஒரு இஞ்சு துளை நெறைய போட்டு, யூரியாவும் சாணிக்கரைசலும் ஊத்தி, ஈரச்சாக்கு போட்டு மூடி வைங்க, ஒண்ணு ரெண்டு வருசத்துல மக்கிரும். வீட்டுக்குப் பக்கத்துல மட்டும் இந்த வேலை வேண்டாம், கரையான் அதைத் தின்னு முடிச்சிட்டு உங்க வாசல் நெலைக்கு வந்துரும்.

உடைமரம், அதான் சீமைக்கருவேலத்தை, தரையோட அறுத்துட்டு விட்டா ஒண்ணுக்குப் பத்தா துளிர்க்கும். மண்ணுக்குள்ள ஒரு அடி வரைக்கும் தோண்டி வேரும் தண்டும் சேர்ற எடத்துல இருக்க குமிழையும் சேத்து எடுக்கணும். முள்ளு செருப்பைத் துளைச்சிரும், பாத்து.

குழியை எப்படி மூடுறது?

ஒரே நாள்ல மண்ணைத் தட்டி மூடிட்டு மேல சிமெண்டு போட்டுறாதீங்க, அடுத்த மழைல உள்ள எறங்கிரும். அரையடி மண்ணு, தண்ணி, திமிசுக்கட்டையால இடி, திரும்ப அரையடி. கோவில்பட்டி பக்கம் கரிசல்ல வீடுனா இன்னொண்ணும் உண்டு, பெரிய மரம் உறிஞ்சிக்கிட்டு இருந்த தண்ணி இனி மண்ணுலயே தங்கும், கரிசல் உப்பும், சுவத்துல வெடிப்பு வரும். வீட்டுக்கு ஒட்டுன பெரிய மரம்னா எஞ்சினியர்கிட்ட கேட்டுட்டு தொடுங்க.

சாமி இருக்க மரத்தை என்ன பண்றது?

மூட்டுல பீடம் இருந்தா நாங்க வாளை எடுக்க மாட்டோம், குடும்பத்துல பெரியவங்க கூடி முடிவு சொல்லணும். பீடம் இல்லாத மரத்துக்கும் மாமா சூடம் காட்டி, "இங்கன இருக்க சீவன் எல்லாம் வேற எடம் பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டுத்தான் ஏறுவாரு. சாமியோ என்னமோ, அந்த அஞ்சு நிமிசம் மரத்தைச் சுத்தி வந்து அண்ணாந்து பாக்குறதுலதான் காஞ்சு தொங்குற கொப்பு கண்ணுல படுது.

கூலி எவ்வளவு, கட்டை யாருக்கு?

வண்டி உள்ள வருமா, கரண்டு கம்பி இருக்கா, கயித்துல எறக்கணுமா, இத வச்சுத்தான் ரேட்டு. நேர்ல பாக்காம போன்லயே ரேட்டு சொல்லுதவன நம்பாதீங்க. கட்டைய அவங்களே எடுத்துக்கிட்டா கூலி கொறையும், சில நேரம் கைக்காசும் தருவாங்க. தழையை அள்ளுறது யாரு, தூரு சேர்த்தியா இல்லையா, ஏதாவது உடைஞ்சா யாரு பொறுப்பு, மூணையும் முன்னாடியே பேசி ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, தழைக்குத்தான் கடைசில சண்டை வரும். புளியமரம்னா அடிமரத்தை விறகு வெலைக்கு குடுத்துறாதீங்க, ரெண்டடி உயரத்துண்டா அறுத்து வச்சா கறிக்கடைக்காரங்க வீடு தேடி வந்து வாங்கிட்டுப் போவாங்க, வெட்டுன எடத்துல தூளு பறக்காத கட்டை அதுதான்.